இரு வண்ணக் கம்பளி விரிப்பைச் சொந்த அளவில் நெய்து வாங்குவது எப்படி?

உதகைவாசி (கேள்வி)
எங்கள் வீட்டுக் கூடத்துக்கு 9 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட கம்பளி விரிப்பு ஒன்றைக் கறுப்பு, வெள்ளை ஆகிய இரண்டே நிறங்களில் கைத்தறியில் நெய்து வாங்க விரும்புகிறேன். இதுவரை பவானி ஜமக்காளத்தையே விரித்து வந்தோம். பருத்தி என்பதால் இங்குள்ள குளிருக்கு அது போதவில்லை. சென்ற ஆண்டு வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் அளவு சொல்லி வாங்கிய விரிப்பு நான்கு அங்குலம் குறைந்து வந்தது. கேட்டபோது கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். அது உண்மையா? எதை எதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்?

பாவும் ஊடையும் (பதில்)
கைவேலையில் சிறு வேறுபாடு வருவது உண்மை. ஆனால் நான்கு அங்குலம் என்பது கணக்கில் நேர்ந்த பிழை. தறியில் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், அறுத்து இறக்கியதும் விரிப்பு நீளத்தில் சுருங்குகிறது; கழுவினால் மேலும் சற்றுச் சுருங்கும். ஊடையை (குறுக்கே ஓடும் நூலை) இறுக்கி இழுத்தால் அகலமும் குறையும். அதனால்தான் நல்ல நெசவாளர் ஊடையை நேராக இழுக்காமல் சற்று வளைத்து விட்டு அடிப்பார். ஆகவே கழுவி முடித்த பின் இருக்க வேண்டிய அளவு இது, இதில் குஞ்சம் சேராது, இத்தனை அங்குலம் வரை கூடுதல் குறைவை ஏற்பேன் என்று எழுத்தில் கொடுங்கள். குஞ்சத்தையும் நீளத்தில் சேர்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்பது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர், பதோகி வட்டாரத்தில் நெய்யப்படும் பஞ்சா தரி என்ற விரிப்பு என்று நினைக்கிறேன். ஊடையை அடித்து இறக்கும் இரும்புச் சீப்பு கைவிரல்களைப் போன்றிருப்பதால் அதற்குப் பஞ்சா என்று பெயர். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற பதோகிக் கம்பளம் முடிச்சுப் போட்டு நெய்வது. தரியில் முடிச்சு கிடையாது, அது தட்டையானது, இருபுறமும் விரிக்கலாம். விலை கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிறத்தைச் சொன்னால் மட்டும் போதாது, வரிசையையும் சொல்ல வேண்டும். பாவு முழுவதும் மறையும்படி ஊடையை அடித்து நெய்யும்போது, கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று என மாற்றிப் போட்டால், ஒவ்வொரு நிறமும் ஒன்றுவிட்ட பாவிழைகளையே மூடுவதால் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் விழும். அதே நூலை இரண்டு இரண்டாகப் போட்டால் குறுக்கே அலை அலையான கோடுகள் வரும். எனக்கு இந்த நெசவில் மிகவும் பிடித்தது இதுதான்: நிறம் இரண்டேதான், வரிசையை மாற்றினாலே வேறு துணியாகிவிடுகிறது. கட்டங்கள் வேண்டுமென்றால், நிறங்கள் சந்திக்கும் நேர்கோட்டில் பிளவு விடாமல் ஊடைகளைக் கோத்து நெய்யச் சொல்லுங்கள். பிளவில் நாற்காலிக் கால் மாட்டினால் கிழியும்.

மலைக்குளிர் (பதில்)
சாயமிடாத ஆட்டுக் கம்பளியிலேயே கறுப்பும் வெள்ளையும் கிடைக்கின்றன; சாயம் இறங்கும் கவலை இராது. ஆனால் இயற்கைக் கறுப்பு, வெயில் விழும் இடத்தில் நாளடைவில் பழுப்பேறும். சாயமிட்டது என்றால், ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். உதகையின் மழைக்காலத்தில் ஈரமும் அந்துப்பூச்சியும்தான் பெரிய தொல்லை. சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியில்தான் பூச்சி முட்டையிடும் என்பதால், மாதம் ஒருமுறையாவது விரிப்பைத் திருப்பிப் போட்டுத் தூசியெடுங்கள்.

உதகைவாசி
மிக்க நன்றி. ஒன்றுவிட்டு ஒன்று என்ற வரிசையையே கேட்கப் போகிறேன். முதலில் அதே நூலில் ஓர் அடி மாதிரி நெய்து தரச் சொல்லி, அதை வீட்டில் கழுவி, முன்னும் பின்னும் அளந்து பார்த்த பிறகு முழு விரிப்புக்கு முன்பணம் கொடுக்கிறேன்.