உதவி: மல்லி சாம்பிள்ல இண்டோல் பீக் மட்டும் இழுக்குது, கேபிலரி மாத்தணுமா?

நிலக்கோட்டை மலர்விழி:
வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடிச்சுட்டு, இங்கே பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கிற ஆலையில கியூசி (தரப் பரிசோதனை) பாக்குறேன். சாம்பிளை ஆவியாக்கி ஒவ்வொரு பொருளா பிரிச்சு வரைபடத்துல பீக்கா காட்டுற ஜிசி கருவி முழுக்க என் பொறுப்பு. எஃப்ஐடி டிடெக்டர், 30 மீட்டர் கேபிலரி (பொருளைப் பிரிக்கிற மெல்லிய குழாய்), ஹீலியம், சாம்பிளை ஏத்துற இன்ஜெக்டர் 250 டிகிரி. மல்லி ஆப்சொல்யூட் (மெழுகு நீக்கின சாறு) போட்டா லினலூல், பென்சைல் அசிடேட்னு ரெண்டு வாசனைப் பொருளும் ஊசி மாதிரி நிக்குது. இண்டோல் மட்டும் வலப்பக்கம் இழுத்துக்கிட்டே போய், அடுத்து வர்ற மீத்தைல் ஆந்த்ரனிலேட் அடியில ஏறிடுது. இண்டோலோட பீக் ஏரியாவும் வரவர குறையுது. மேலாளர் புது கேபிலரிக்கு ஆர்டர் போடச் சொல்றார்.

இன்னொண்ணு, பூச்சாறு லேப்லயே இருந்தா மருந்து கம்பெனிக்குப் போக முடியாதுன்னு சொல்றாங்க. நெசமா?

கப்பலூர் கியூசி:
இன்ஜெக்டரை மூடுற செப்டம், கேபிலரியை இறுக்குற ஃபெரூல், இதுல லீக் பாத்தீங்களா?

நிலக்கோட்டை மலர்விழி:
பாத்துட்டேன் அண்ணே, லீக் இல்ல.

பசுமலை ஜிசி:
ஆர்டர் போடாதம்மா, பொறு. எல்லா பீக்கும் இழுத்தா கேபிலரி வெட்டுனதையோ பொருத்துன ஆழத்தையோ சந்தேகப்படணும். இண்டோல் மட்டும் இழுக்குதுன்னா அது போற வழியில எங்கேயோ ஒட்டுது. அதுல என்-ஹெச் (நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு) இருக்கு. கண்ணாடியில பூச்சு போன இடத்துல சிலனால்ங்கிற ஒட்டுற தொகுதி வெளிய தெரிஞ்சா பிடிச்சுக்கிட்டு மெதுவாத்தான் விடும். மல்லியில மெழுகு வேற. ஆல்கஹால்ல கரைச்சுக் குளிரவச்சு வடிகட்டினாலும் கொஞ்சம் தங்கும், அது இன்ஜெக்டருக்குள்ள இருக்குற கண்ணாடிக் குழாய், அதாவது லைனர்லதான் கருகும்.

ஓவன், இன்ஜெக்டர் ரெண்டையும் நல்லா ஆறவிடு. சூட்டோட திறந்தா காத்து புகுந்து கேபிலரி பூச்சு கெடும். லைனரை எடுத்து வெளிச்சத்துல பாரு, கண்ணாடிப் பஞ்சு பழுப்பா இருக்கும். டீஆக்டிவேட் பண்ணின (பொருள் ஒட்டாம பதப்படுத்தின) புது லைனரைப் பஞ்சோடயே போடு. பஞ்சைக் குச்சியால குத்தாதே, உடைஞ்ச ஒவ்வொரு முனையும் இண்டோலைப் பிடிக்கும். அப்புறம் ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச கலவை) ஓட்டு. அதுக்கும் இழுத்தாத்தான் இன்ஜெக்டர் பக்கம் 30 சென்டிமீட்டர் வெட்டணும். ரெண்டையும் ஒரே நாள்ல செஞ்சா எதுனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும். வெட்டினா ரிடென்ஷன் டைம் (பீக் வர்ற நேரம்) முன்னாடி வரும், பீக்கைத் திரும்ப அடையாளம் பாத்துக்க.

வேலை பத்தி: யார் சொன்னா முடியாதுன்னு? மருந்துல ஜிசிக்குப் பெரிய வேலையே மிச்சக் கரைப்பான் பாக்குறதுதான். ஐசிஹெச் க்யூ3சிங்கிற மருந்து வழிகாட்டு நெறியில ஹெக்சேனுக்கு 290 பிபிஎம் வரம்பு. ஹெக்சேன்லயே பூவை ஊறவைக்கிற இடத்துல இருக்கே, அந்தப் பீக் உனக்குப் புதுசா? ஹெட்ஸ்பேஸ் (குப்பியில சாம்பிளுக்கு மேல நிக்கிற ஆவியை எடுத்து ஏத்துறது) மட்டும் பழகிக்க. அதைவிட முக்கியம் லாக் புக். என்னைக்கு எந்த லைனர், எதுக்கு மாத்தினே, முன்னாடி பின்னாடி குரோமட்டோகிராம் (பீக் வரைபடம்), எல்லாம் ஒட்டி வை. இன்டர்வியூல ‘ஒரு பீக் மட்டும் இழுத்தா என்ன செய்வே’ன்னுதான் நான் முதல்ல கேப்பேன்.

நிலக்கோட்டை மலர்விழி:
அண்ணே, பஞ்சு காப்பிக் கலர்ல இருந்துச்சு! லைனர் மாத்தினதுமே இண்டோல் நிமிந்துருச்சு, ஆந்த்ரனிலேட் தனியா பிரிஞ்சு நிக்குது. வெட்டவே இல்ல. ரொம்ப நன்றி.

பசுமலை ஜிசி:
சந்தோஷம்மா. இனி காலையில சாம்பிளுக்கு முன்னாடி இண்டோலும் டெட்ராடெக்கேனும் கலந்து ஒரு ஊசி போட்டுப் பாரு. டெட்ராடெக்கேன் எதுலயும் ஒட்டாது. அது அப்படியே இருந்து இண்டோல் மட்டும் குறைஞ்சா அடுத்த லைனரை எடு.