இதயச் செயலிழப்போடு வாழ்கிறவர்களே, மருத்துவர் சொன்னதை நாள்தோறும் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள்?

தொடங்கியவர்

எனக்கு இதயச் செயலிழப்பு என்று தெரிந்து சில வருடங்கள் ஆகின்றன. எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது இதயத்தில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படும் பங்கு, 30 சதவீதம் என்று வந்தது. (நல்ல இதயத்துக்கே இந்த எண் 100 வராது, 50-க்கு மேல் இருந்தால் இயல்புதான். இது தெரியாமல் 30 என்றதும் பாதி உயிர் போய்விட்டதாக நினைத்துக் கலங்குகிறவர்கள் பலர், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கவும், தண்ணீரைக் குறைக்கவும், தினமும் எடை பார்க்கவும், நடக்கவும், ஓய்வெடுக்கவும். எவ்வளவு, எதற்கு, எதுவரை என்று ஒரு வரி இல்லை. நடப்பதா, ஓய்வெடுப்பதா? அதைக்கூட யாரும் விளக்கவில்லை.

காரணம் புரிந்த அறிவுரையைத்தான் மனிதனால் தினமும் கடைப்பிடிக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம். எனக்கு முதலில் புரிந்தது எடை. இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு தள்ளாதபோது, உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர் கால் வீக்கமாகவோ மூச்சு வாங்கலாகவோ தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எடையில் தெரிந்துவிடலாம். ஒரு லிட்டர் தேங்கினால் ஒரு கிலோ ஏறும், அவ்வளவுதான் கணக்கு. அதனால் காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், வாயில் எதுவும் போடுவதற்கு முன்னால், ஒரே மெஷினில், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையோடு நிற்கிறேன். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே கூப்பிட வேண்டும் என்பது மருத்துவர் எனக்குச் சொன்ன எல்லை. அப்படி ஒரு முறை ஏறியபோது உடம்பில் எந்தக் கஷ்டமும் தெரியவில்லை. ஆனாலும் போன் செய்தேன். நீர் மாத்திரையை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) சில நாட்களுக்குக் கூட்டிக் கொடுத்தார், அட்மிஷன் இல்லாமலே எடை இறங்கியது. அப்புறம் யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு எது சுலபமாக வந்தது, எது இன்னும் கஷ்டமாக இருக்கிறது? எழுதுங்கள்.

மனைவியைக் கவனித்துக்கொள்ளும் கணவர்

ஐயா, எங்கள் வீட்டில் உப்புதான் பெரிய விஷயம். நோய் மனைவிக்கு, சமையல் என் பொறுப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன். ஆனால் அந்த ஒரு டீஸ்பூன் நான் சட்டியில் போடுவது மட்டும் இல்லை. ரொட்டி, பிஸ்கட், சாஸ், சீஸ், பாக்கெட் சூப், பதப்படுத்திய இறைச்சி எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்துத்தான். லேபிளில் பல நேரம் சோடியம் என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. இந்தக் கணக்கு கைக்கு வந்ததிலிருந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. கல் உப்பு, கடல் உப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதில் சலுகை கிடையாது.

அவளுக்குத் தனியாக ஒரு பாத்திரம் வைக்கக் கூடாது என்று முதல் வாரமே முடிவு செய்தேன். ஒரே சமையல், எல்லோருக்கும் குறைந்த உப்பு. தனித் தட்டு வைத்தால் ஒவ்வொரு வேளையும் அவளுக்கு நோயை ஞாபகப்படுத்துவது போல ஆகிவிடும். பிள்ளைகள் கொஞ்ச நாள் முகம் சுளித்தார்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிட்டது, இப்போது வெளியே சாப்பிட்டால் அவர்களே கரிக்கிறது என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்பே ஆகாது என்று பயந்து மனைவி சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போனாள். அப்போது மருத்துவர் 2022-ல் வெளியான ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 800-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து, சோடியத்தை நாளுக்கு 1500 மில்லிகிராமுக்கும் கீழே கொண்டுவர முயன்று பார்த்திருக்கிறார்கள். மரணமோ மருத்துவமனைக்குப் போவதோ அதனால் தெளிவாகக் குறையவில்லை, வாழ்க்கைத் தரம் மட்டும் கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது. அளவோடு குறைத்தால் போதும், பட்டினி வேண்டாம் என்றார். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் நிம்மதி வந்தது.

உப்புக்கு மாற்று என்று விற்கும் பொடிகளை மருந்தாளரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. இந்த நோய்க்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், வால்சார்டன் மாதிரி மருந்துகள் ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக் கூடியவை. அதோடு இதுவும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளமே கெட்டுவிடலாம்.

இன்னொரு நோயாளி

அண்ணா, எனக்குத் தாகம்தான் தாங்க முடியாதது. குடிப்பதெல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்திருந்தார்கள். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டு, காபி, டீ, சூப் குடிக்கும்போதெல்லாம் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவேன். சின்னக் குவளை, வாய் கொப்பளித்துத் துப்புவது, ஐஸ் துண்டு (அதுவும் கணக்கில் சேரும்), சர்க்கரையில்லாத சூயிங்கம் எல்லாம் உதவின. என்றாலும் நாள் முழுக்க நினைப்பு தண்ணீரிலேயே இருக்கும்.

2025-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. நிலையாக இருக்கும் 504 நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஒன்றரை லிட்டர் வரம்பு, மீதிப் பேருக்கு வரம்பு இல்லை. 3 மாதம் கழித்துப் பார்த்தால் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, வரம்பு வைத்தவர்களுக்குத் தாகத் தொந்தரவு மட்டும் அதிகம். இதைப் பற்றி என் மருத்துவரிடம் கேட்டேன். என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு வரம்பைத் தளர்த்தினார். ரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கும் வீக்கம் அதிகம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது என்று அழுத்திச் சொன்னார். கேட்காமல் யாரும் அளவை மாற்ற வேண்டாம். ஆனால் கேளுங்கள். கேட்டால்தானே தெரியும்.

அப்பாவைக் கவனிக்கும் மகள்

நடப்பதா ஓய்வா என்று கேட்டிருந்தீர்கள் ஐயா. எங்கள் வீட்டிலும் இதே குழப்பம். சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்பாவை அசையாதே என்றார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே படுக்கை ஓய்வைத்தான் சொன்னார்களாம். பிறகு 2009-ல் 2331 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. நிலையாக இருக்கும் நோயாளிகளுக்கு முறையான உடற்பயிற்சி பாதுகாப்பானது, நடக்கும் திறனும் அன்றாட வாழ்க்கையும் ஓரளவு மேம்படும் என்று அதில் தெரிந்தது. வீக்கமும் மூச்சு வாங்கலும் கூடும் நாட்களில் ஓய்வு, மற்ற நாட்களில் நடை, இப்படித்தான் எங்களுக்குப் பிரித்துச் சொன்னார்கள்.

அப்பாவோடு நானும் நடக்கிறேன். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்காக நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அதனால் வழியெல்லாம் அவரைப் பேச வைக்கிறேன். என் சின்ன வயதில் சொல்லாத கதையெல்லாம் இப்போதுதான் சொல்கிறார். எனக்கு இந்த நடை மிகவும் பிடித்துவிட்டது.

கவனிக்கிறவர்களுக்கு இரண்டு அடையாளம் சொல்கிறேன். அப்பா குனிந்து செருப்பு மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பேன். இரவில் தலையணை ஒன்றிலிருந்து இரண்டாகிறதா என்றும் பார்ப்பேன், மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள்தான் தலையை உயர்த்திக்கொள்வார்கள். அவர் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். தலையணை கூடியிருந்தால் நான் அதைத்தான் நம்புவேன்.

செவிலியர்

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வார்டில் நான் அடிக்கடி பார்ப்பது வலி மாத்திரை. மூட்டு வலிக்கு என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைத் தாங்களே வாங்கிப் போட்டுக்கொண்டு நீர் தேங்கி வருகிறவர்கள் உண்டு. இவை சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும், நீர் மாத்திரையின் வேலையையும் குறைக்கும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் சோடியம் அதிகமாக இருக்கும், அதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் நீர் மாத்திரையையும் மற்ற மாத்திரைகளையும் வழக்கம் போலத் தொடரலாமா என்று அன்றே போன் செய்து கேளுங்கள். சிகரெட்டை நிறுத்துவது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு நோயாளி

அம்மா, ஒரு சந்தேகம். நீர் மாத்திரை போட்ட நாளில் வெளியே கிளம்பவே பயமாக இருக்கிறது. கல்யாணம், பயணம் எல்லாம் விட்டுவிட்டேன்.

செவிலியர்

விட வேண்டாம். ஃப்யூரோசமைடு என்றால் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, சுமார் 6 மணி நேரத்தில் அடங்கிவிடும். அந்த நாளில் வேளையை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், பலருக்குச் சம்மதிப்பார்கள். இரவுக்கு மட்டும் தள்ளி வைக்காதீர்கள், தூக்கம் கெடும். வேளையை மாற்றலாம், மாத்திரையை விடக் கூடாது. மார்பு வலி, மயக்கம், படுக்கவே முடியாத மூச்சுத் திணறல், நுரையோடு இளஞ்சிவப்புச் சளி, இவற்றில் எது வந்தாலும் எடை பார்த்துக்கொண்டோ போனுக்குக் காத்துக்கொண்டோ இருக்காமல் நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.