நேபாளத்தில் மறுபடி ராஜா வேண்டும் என்கிறார்களே, என்ன பதில் சொல்வது?

அல்சூர்வாசி:
எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நேபாளத்துக்காரர். 2025 மார்ச்சில் முன்னாள் மன்னர் ஞானேந்திரா காத்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியபோது திரண்ட கூட்டத்தின் வீடியோவைப் போனில் பத்திரமாக வைத்திருக்கிறார், லிஃப்டுக்கு நிற்கிற ஆளிடமெல்லாம் காட்டுகிறார். ராஜா இருந்தபோது ஒரு குடும்பம்தான் தின்றது, இப்போது கட்சிக்குக் கட்சி தின்கிறது என்கிறார். 2008-ல் மன்னராட்சி போனதிலிருந்து 2025 வரை ஒரு பிரதமர்கூட முழு ஐந்து வருடம் தாக்குப்பிடிக்கவில்லை என்பது உண்மைதானே. மூன்றாவது மாடி மாமா வேறு, பிரிட்டனிலும் ஜப்பானிலும் ராஜா இருந்தும் நன்றாகத்தானே ஓடுகிறது என்று கூடச் சேர்ந்துகொண்டார். எனக்குக் குடியரசுதான் சரி என்று படுகிறது, ஆனால் பேச ஆரம்பித்தால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வருகிறது. நேரடியாகச் சொல்லுங்கள்.

ஜெயநகர் நாலாவது பிளாக்:
வாட்ச்மேன் சொல்வதில் என்ன தப்பு? மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குக் கரண்ட் போனது, 1905-ல் பெங்களூருத் தெருவில் மின்விளக்கு எரிந்தது, அப்புறம் கண்ணம்பாடி அணை. ஓட்டு வாங்கி வந்தவர்கள் பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்க விட்டதுதான் மிச்சம்.

தங்கவயல் பேரன்:
சார், நால்வடி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் கரண்ட் திவான் சேஷாத்ரி ஐயர் போட்ட திட்டம், அது ஓட ஆரம்பித்தது 1902 ஜூனில், நால்வடி கைக்கு அதிகாரம் வந்ததே ஆகஸ்டில்தான். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பத்து, அம்மாதான் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பையன் நல்லவராக வளர்ந்தது மைசூர்க்காரர்களின் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அதே அரியணையில் முன்பு இருந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் நகர் என்ற பகுதியில் குடியானவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள், நிர்வாகம் கெட்டுவிட்டது என்று சொல்லி 1831-ல் வெள்ளைக்காரன் ஆட்சியைப் பிடுங்கி 1881 வரை தானே வைத்துக்கொண்டான். ராஜா சரியில்லை என்றால் ஜனங்களால் அவரை இறக்க முடியாது, கலகம் செய்யலாம், இல்லையென்றால் வெளியாள் வந்து தன் வசதிக்கு இறக்குவான்.

நேபாளத்துக்கு வருகிறேன். 2005 பிப்ரவரி 1 அன்று ஞானேந்திரா அரசைக் கலைத்தார், தலைவர்களை வீட்டுக்காவலில் வைத்தார், போன் இணைப்பையே துண்டித்தார். பறிபோன ஜனநாயகத்தைத் திரும்பப் பெற ஜனங்கள் 2006 ஏப்ரலில் 19 நாள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது, அதற்குப் பிறகும் அவர் ராஜாவாகவே இருந்தார், 2008 மே 28-ல் அரசியல் நிர்ணய சபை 560-க்கு 4 என்று ஓட்டுப் போட்ட பிறகுதான் அரண்மனையைக் காலி செய்தார். 2025 செப்டம்பரில் இளைஞர்கள் எழுந்தபோது பிரதமர் ஒலி இரண்டாம் நாளே ராஜினாமா. எழுபதுக்கும் மேல் உயிர் போனது, அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்தது அவர் வீட்டில் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமராக வந்து உட்கார்ந்தார்.

பிரதமர்கள் அடிக்கடி மாறுவதா? 1990களில் அரண்மனையில் ராஜா இருக்கும்போதே இப்படித்தான் மாறிக்கொண்டிருந்தார்கள், வாட்ச்மேனிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கே ஞாபகம் இருக்கும்.

பழைய மெட்ராஸ் ரோடு:
மாடி மாமாவுக்கு நான் பதில் சொல்கிறேன். பிரிட்டன் நன்றாக ஓடுவது ராஜாவின் கையைக் கட்டிப்போட்டதால். அதிலும் முழுசாகக் கட்டவில்லை. அரச குடும்பத்தின் நலனைத் தொடும் மசோதாவை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற முன்கூட்டியே அரசரின் இசைவு வாங்க வேண்டும். சாதாரண ஆளின் சொத்துக்கு ஒரு வரம்புக்கு மேல் 40 சதவீதம் வாரிசு வரி, எலிசபெத் ராணி சார்லஸுக்கு விட்டுப்போனதற்கு 1993-ல் செய்த ஏற்பாட்டின்படி அது கிடையாது. ஜப்பானில் பேரரசருக்கு ஒரே மகள், 1947 சட்டப்படி பெண் என்பதால் அவர் அரியணை ஏற முடியாது. இதைத்தான் மாமா நன்றாக ஓடுகிறது என்கிறாரா?

ஒரே ஒரு எச்சரிக்கை. ராஜா வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, அந்த இடத்தில் யார், அவரை யார் தேர்ந்தெடுப்பது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் குடியரசு ஆகலாமா என்று 1999-ல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், ஒரு முக்கியக் காரணம் ஜனாதிபதியை நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதா மக்களா என்று குடியரசுக்காரர்களே இரண்டாகப் பிரிந்து நின்றதுதான். பார்படோஸ் 2021-ல் நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவு செய்து சத்தமில்லாமல் மாறிவிட்டது. நமக்கும் 1950 ஜனவரி 26 வரை ஆறாம் ஜார்ஜ்தானே ராஜா, மறுநாள் காலை என்ன குடி முழுகிப்போயிற்று?

ஜெயநகர் நாலாவது பிளாக்:
எல்லாம் சரி, 2024-ல் மைசூர்க்காரர்கள் அந்த ராஜ குடும்பத்து யதுவீர் உடையாரைத்தானே எம்.பி. ஆக்கி அனுப்பினார்கள்?

தங்கவயல் பேரன்:
ஆக்கினார்கள், அடுத்த முறை வேண்டாம் என்றும் சொல்லலாம். அவருக்கு முந்தைய ஸ்ரீகண்டதத்த உடையார் நாலு முறை அங்கே ஜெயித்தார், 1991-லும் 2004-லும் தோற்று வீட்டில் உட்கார்ந்தார்.