பரண்ல கெடச்ச தாத்தா ரயில்

பெரியப்பா: [4 படங்கள்]

பெரியப்பா: எல்லாருக்கும் காலை வணக்கம். பரண் சுத்தம் பண்றப்ப அப்பாவோட தகர பொட்டி கெடச்சுது உள்ள அந்த பொம்மை ரயில் இன்ஜின், கொஞ்சம் தண்டவாளம், ரெண்டு கூட்ஸ் பெட்டி. கருப்பு பெயிண்ட் அங்கங்க உரிஞ்சி போச்சு. நாலு ரோட்டுல ஸ்ப்ரே வாங்கி பளபளன்னு அடிச்சு ஷோகேஸ்ல வெச்சிடலாம்னு இருக்கேன்

அத்தை: அண்ணா!!! இது இன்னும் இருக்குதா 😭 நம்ம யாரையும் தொட விடமாட்டாரே. தீபாவளிக்கு மட்டும் எடுத்து ஓட்டி காமிப்பாரு

முரளி: பெரியப்பா ஸ்ப்ரே மட்டும் அடிச்சிடாதீங்க ப்ளீஸ் 🙏 மொதல்ல அது என்ன இன்ஜின்னு பாத்துடலாம். சைடுல நம்பர் இருக்கும் அதையும் அடிப்பக்கத்தையும் கிட்ட வெச்சு எடுத்து போடுங்க, தொடைக்காம அப்படியே

பெரியப்பா: நான் கண்ணாடி போடல, திவ்யா எடுப்பா

திவ்யா: [3 படங்கள்]

திவ்யா: நம்பர் 69567 ண்ணா. பக்கத்துல ஒரு சிங்கம் சக்கரத்து மேல நிக்குது. தண்டவாளத்துல ரெண்டு கம்பி கெடையாது, மூணு கம்பி, அடியில மெக்கானோ லிமிடெட் மேட் இன் இங்கிலாந்துன்னு போட்டிருக்கு

முரளி: சூப்பர்மா அவ்ளோதான் கண்டுபுடிச்சாச்சு. இது ஹார்ன்பி டப்லோ, மெக்கானோ கம்பெனி செஞ்ச பொம்மை ரயில். நடுவுல மூணாவது கம்பி இருந்தாலே பாதி தெரிஞ்சிடும், மார்க்லின்னு இன்னொரு கம்பெனியோட பழைய தண்டவாளத்துலயும் நடு கம்பி உண்டு ஆனா அது ஜெர்மனி, இதுல மெக்கானோ பேரே இருக்கு. டப்லோ 1938ல வந்துச்சு, ரெண்டு கம்பி தண்டவாளத்துக்கு அவங்க மாறினது 1959ல. அந்த சிங்கம் பிரிட்டிஷ் ரயில்வேஸோட பழைய முத்திரை, 1956ல அத மாத்திட்டாங்க. அதனால இது 1950கள்ல செஞ்சதுன்னு தைரியமா சொல்லலாம். நெஜ இன்ஜின் பேரு என்2, லண்டன் கிங்ஸ் கிராஸ்ல இருந்து லோக்கல் வண்டி இழுத்துட்டு இருந்தது

சித்தப்பா: அடேங்கப்பா. டேய் முரளி எங்க குட்டிக்கு போன மாசம் ஆன்லைன்ல ட்ரெயின் செட்டு வாங்கினோமே அந்த ட்ராக்ல வெச்சு ஓட்டி பாக்கலாமா? கேஜ், அதான் தண்டவாள அகலம், ஒண்ணுதான்னு தோணுது

முரளி: கேஜ் ஒண்ணுதான் சித்தப்பா, 16.5 மில்லிமீட்டர். ஆனா வேணாம். புது ட்ராக்ல ஒரு கம்பி பிளஸ் ஒரு கம்பி மைனஸ். நம்ம இன்ஜின்ல கரண்டு நடு கம்பில இருந்து ஏறி சக்கரம் வழியா வெளிய போவுது, ரெண்டு பக்க சக்கரமும் இரும்பு அச்சுல நேரா சேந்திருக்கு. வெச்ச ஒடனே ஷார்ட் ஆயிடும், உங்க செட்டோட கன்ட்ரோலர் போயிடும்

சித்தப்பா: நல்ல வேள கேட்டேன்

பெரியப்பா: சரிப்பா பெயிண்ட் ஏன் வேணாங்கற? உரிஞ்சி போனது அசிங்கமா இல்ல?

முரளி: பெரியப்பா அந்த சிங்கமும் நம்பரும் ஃபேக்டரில ஒட்டினது. மேல ஸ்ப்ரே அடிச்சா அது போச்சு, திரும்ப வராது. இதெல்லாம் சேக்கறவங்க மொதல்ல பாக்கறதே ஒரிஜினல் பெயிண்டா இல்லையான்னுதான். அத விடுங்க, அந்த உரிஞ்ச எடம் தாத்தா கை பட்டு பட்டு தேஞ்சது, டூம் (மேல இருக்கற குமிழ்) பக்கத்துலயும் கேப் (டிரைவர் நிக்கற அறை) ஓரத்துலயும் மட்டும் வெள்ளையா உலோகம் தெரியுது பாருங்க, அவரு ரெண்டு வெரல்ல புடிச்சு தூக்கின எடம் அது. அத போயி மறைக்கணுமா

அத்தை: கரெக்டு கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் வெச்சுதான் தூக்குவாரு. அண்ணா பெயிண்ட் அடிக்காத

பெரியப்பா: சரி சரி அடிக்கல. அப்ப எப்படி சுத்தம் பண்றது சொல்லு

முரளி: மேல சாஃப்ட் பிரஷ்ஷால தூசி மட்டும் தட்டுங்க. தின்னர் வேணாம், ஸ்பிரிட்டும் எழுத்து மேல படக்கூடாது. சக்கரத்துல கருப்பா பிசுக்கு ஒட்டியிருக்கும் அதுக்கு மட்டும் காது குடையற பட்ஸ்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு தேய்க்கலாம். தண்டவாளத்துல உப்புத்தாள் போடாதீங்க, கீறல் விழுந்தா அதுல அழுக்கு இன்னும் சீக்கிரமா சேரும். முக்கியமா திவ்யா, மோட்டார்ல இருக்கற மேக்னட்ட கழட்டாத, வெளிய எடுத்தா அதோட பவர் எறங்கிடும் அப்புறம் இன்ஜின் சூடாகுமே தவிர இழுக்காது

முரளி: இன்னொண்ணு, பாடி ஒரு துத்தநாக கலவை. அந்த காலத்துல ஈயம் கலந்துட்டா வருஷம் போகப்போக வெடிச்சு பொடியாயிடும். மயிரிழை மாதிரி விரிசலோ உப்பலோ எங்கயாவது தெரியுதா பாரு

திவ்யா: டார்ச் அடிச்சு சுத்தி பாத்துட்டேன் ண்ணா விரிசல் ஒண்ணும் இல்ல. ஆனா மோட்டார் பக்கம் எண்ணெய் காஞ்சு பழுப்பா கோந்து மாதிரி இருக்கு

முரளி: அது தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு ஊற வெச்சா எளகும். மோட்டார்ல செம்பு உருளை மாதிரி இருக்குல்ல அதுல வெட்டு வெட்டா கோடு இருக்கும், அதுக்குள்ள அடைச்சிருக்கற கரிய பல்குச்சியால மெதுவா எடு. அந்த உருளைய தொட்டு கரண்டு குடுக்கற கார்பன் பிரஷ் ரெண்டும் இருக்கான்னு பாரு. அப்புறம் 9 வோல்ட் பேட்டரில ஒரு வயர் அடியில நடு கம்பிய தொடற பட்டைல இன்னொண்ணு பாடில வெச்சு பாக்கலாம், இன்ஜின் 12 வோல்ட் டிசி அதனால பயமில்ல

அத்தை: அப்பா இந்த ரயில ஓட்டறப்பலாம் மொரப்பூர் சின்ன ரயில் கதை சொல்லுவாரு ஞாபகம் இருக்கா அண்ணா

பெரியப்பா: இருக்குது. மொரப்பூர்ல இருந்து தருமபுரி வந்து ஓசூர் வரைக்கும் போச்சாம், 1941லயே நிறுத்திட்டாங்கன்னு வருத்தமா சொல்லுவாரு

முரளி: அத்தை நான் இப்ப அந்த ரயிலோட மாடலத்தான் செஞ்சிட்டு இருக்கேன்!! அது ரெண்டரை அடி கேஜ், 762 மில்லிமீட்டர், 1906ல தருமபுரி வரைக்கும் வந்தது. எச்ஓன்னு சொல்ற மாடல் ஸ்கேல் நெஜ அளவுல 87ல ஒரு பங்கு, 762அ 87ஆல வகுத்தா 8.76 வருது, அப்ப 9 மில்லிமீட்டர் N கேஜ்ங்கற மாடல் ட்ராக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துது. பெரிய ரயில் செய்யறவங்களுக்கு இந்த பாக்கியம் இல்ல, நம்ம பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர், எச்ஓல 19க்கு மேல வரணும் ஆனா 16.5 ட்ராக்லதான் எல்லாரும் ஓட்டறாங்க, முன்னாடி நின்னு பாத்தா ஒடுக்கமா தெரியும்

முரளி: தரைக்கு நம்ம ஊரு செம்மண்ணையே துணில சலிச்சு போடறேன். சலிச்சதும் ஒரு காந்தத்த பேப்பர்ல சுத்தி மண்ணு மேல ஓட்டணும், கருப்பு கருப்பா இரும்புத்தூள் ஒட்டிட்டு வரும் பாருங்க, அத எடுக்கலன்னா எல்லாம் மோட்டார் மேக்னட்ல போயி ஒட்டிக்கும்

சித்தப்பா: குட்டிக்கு இத காட்டணும்டா ஒரு நாள் கூட்டிட்டு வரேன்

திவ்யா: [வீடியோ]

திவ்யா: அண்ணா சக்கரம் சுத்துது!!!!! வயர மாத்தி வெச்சா ரிவர்ஸ்ல சுத்துது

அத்தை: ❤️❤️❤️ சத்தம் அப்படியே அதேதான்

பெரியப்பா: கண்ணு கலங்கிடுச்சுப்பா. பொட்டில ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரும் இருக்குது அத ப்ளக்ல சொருவி தண்டவாளத்துல ஓட்டட்டுமா

முரளி: வேணாம் பெரியப்பா!! அதோட வயர் ரப்பர் எல்லாம் நொறுங்கியிருக்கும், தொட்டா ஷாக்கு அடிக்கும். ஞாயித்துக்கெழமை காலைல கிருஷ்ணகிரில பஸ் ஏறறேன் என்கிட்ட இருக்கற 12 வோல்ட் கன்ட்ரோலர் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் அந்த தண்டவாளத்த மட்டும் காய்ஞ்ச துணில தொடச்சு வெய்யுங்க

பெரியப்பா: சரி வா. மதியம் சாப்பாடு இங்கதான், எல்லாரும் வந்துடுங்க