நேபாளம், வங்கதேசத்துடன் மின் பரிமாற்றம்: 15 நிமிடத் தரவு எங்கே கிடைக்கும்?

கடலூர், நெய்வேலி, புதுச்சேரி மின்துறை நண்பர்களுக்கு வணக்கம். ஒவ்வொரு எல்லை இணைப்புக்கும் தனித்தனியாக, 15 நிமிட மீட்டர் அளவு வேண்டும். குறிப்பாக நேபாளத்துக்கான முசாபர்பூர்–தால்கேபர், வங்கதேசத்துக்கான பஹரம்பூர்–பேராமாரா, சூர்யமணிநகர்–கொமில்லா கம்பிகள்.

தேசிய மின்கட்டமைப்பை இயக்கும் கிரிட் இந்தியாவின் தினசரி அறிக்கையில் நாடுவாரி மொத்தம் மில்லியன் யூனிட்டில் இருக்கிறது. இறக்குமதிக்குக் கூட்டல் குறி, ஏற்றுமதிக்குக் கழித்தல். இதைக் கவனிக்காமல் கூட்டினால் கணக்கே தலைகீழ். ஆனால் ஆண்டு மொத்தத்தை அண்டை நாட்டு அறிக்கையோடு வைத்தால் ஒட்டுவதில்லை. முதல் காரணம் நாட்காட்டி. நம் நிதியாண்டு ஏப்ரலில், வங்கதேசத்துக்கு ஜூலையில், நேபாளத்துக்கு ஜூலை நடுவில் தொடங்குகிறது. நேபாளம் மழைக்காலத்தில் விற்கிறது, வறண்ட மாதங்களில் வாங்குகிறது. எனவே மூன்று மாதம் நகர்ந்தாலே நிகர அளவு வேறாகிவிடும். மாதவாரியாகப் பிரித்துக் கூட்டுவதுதான் சரி.

கடிகாரமும் அப்படித்தான். நேபாளம் நம்மைவிட 15 நிமிடம், வங்கதேசம் 30 நிமிடம் முன்னே. முறையே ஒன்று, இரண்டு பிளாக் (15 நிமிடத் துண்டு) தள்ளிப் பொருத்த வேண்டும்.

2024 நவம்பரில் தொடங்கிய நேபாள–வங்கதேச 40 மெகாவாட் விற்பனை இந்தியக் கம்பி வழியே போவதால், எல்லை மீட்டர்களில் இருமுறை பதிவாகும். அதைக் கழிக்காவிட்டால் இந்திய வர்த்தகம் ஊதித் தெரியும்.

திட்டமிட்ட அளவு மட்டும் போதாது, உண்மையில் பாய்ந்ததும் வேண்டும். மின் ஓட்டத்தை மண்டலவாரியாக நிர்வகிக்கும் மண்டல சுமை அனுப்பு மையங்களின் வாராந்திர மீட்டர் கோப்புகளைப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? எந்த மீட்டர் எண் எந்தக் கம்பிக்கு என்ற பட்டியல் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.