ஸ்கார்பரோவில் முதல் குளிர்காலம்: உங்களுக்குக் கை கொடுத்தது யார்?

மதுரைக்காரன்:
போன பிப்ரவரியில் பிஆர் (கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வந்து இறங்கினோம். மச்சினனின் நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு அறை. வாடகை ரொக்கம், எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. அது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று அரசாங்க மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த் கார்டு எடுக்கப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று சான்று கேட்கிறார்கள். பிஆர் பத்திரம், அடையாளத்துக்கு பாஸ்போர்ட், ஒண்டாரியோ மாகாணத்தில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு ஒரு காகிதம். மூன்றாவதுக்கு போனில் இருந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டினேன். தபாலில் வந்ததாக இருக்க வேண்டுமாம். பிள்ளைக்கு இருமல், வெளியே பனி, அப்படியே திரும்பி வந்தோம். (புதிதாக வருகிறவர்களுக்கு: ஹெல்த் கார்டுக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020லேயே எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னும் அதைத்தான் சொல்வார்கள்.)

இதற்கு நடுவில், தெரிந்தவர் சொன்னாரே என்று ஒரு ஏஜென்ட்டைப் பார்த்து, சின் நம்பர் (இங்கே வேலை பார்க்க வேண்டிய சமூகக் காப்பீட்டு எண்) எடுக்க 60 டாலர் கொடுத்துத் தொலைத்தேன். அது இலவசம். உரிய பத்திரங்களோடு நாமே நேரில் போனால் பெரும்பாலும் அன்றைக்கே கிடைத்துவிடும். அந்த 60 டாலர் இன்னும் உறுத்துகிறது.

பிள்ளைக்குப் படப் புத்தகம் எடுக்க நூலகத்துக்குப் போனோம். இங்கே நூலக அட்டைக்குக் காசு கிடையாது, ஊர் முழுக்க 100 கிளைகள். ஓரத்தில் ஒரு மேசை. ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "வந்து எத்தினை நாள் தம்பி?" என்றார். புதிதாகக் குடியேறியவர்களுக்கு வழி சொல்லவே அந்த மேசையாம். முழுக் கதையும் சொன்னேன். சிரிக்கவில்லை.

"வங்கியில போய் ஸ்டேட்மென்ட்டைத் தபாலில அனுப்பச் சொல்லுங்கோ. விலாசத்தில பேஸ்மென்ட் எண்டு கட்டாயம் போடச் சொல்லுங்கோ. இல்லாட்டி மேல்வீட்டுக் கடிதங்களோட கலந்துபோம்." மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார். அடுத்த மாதம் கடிதம் வந்தது, கார்டும் கிடைத்தது.

என் மனைவியை லிங்க் எனும், புதிதாகக் குடியேறியவர்களுக்கு மத்திய அரசு காசில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்புக்கு அனுப்பியதும் அவர்தான். பன்னிரண்டு வருடம் டீச்சராக இருந்தவளை முதலில் லெவல் டெஸ்ட் எழுதச் சொன்னதில், இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மல்வேர்ன் அக்கா:
தம்பி, நான் 1994 இல அகதிக் கோரிக்கையோட வந்தனான். உந்த மேசையள் ஒண்டும் அப்ப எங்களுக்குத் தெரியாது. நாலு வீடு தள்ளி இருந்த ஒரு அக்காதான் எங்களுக்கு எல்லாம். இப்ப நான் கிழமையில ரெண்டு நாள் பள்ளிக்கூடத்தில மொழிபெயர்க்கப் போறனான்.

ஒண்டு சொல்லவேணும். லிங்க் வகுப்பு பிஆர் ஆக்களுக்கும், அகதியா ஏற்றுக்கொண்ட ஆக்களுக்கும்தான். அகதி வழக்கு முடியாத சனம் போய்க் கேட்டு, இல்லை எண்டதும் வந்து வீட்டுக்குள்ள இருந்திடுகினம். கல்விச்சபை நடத்துற பெரியாக்களின்ர இஎஸ்எல் ஆங்கில வகுப்புக்கு அவையும் போகலாம், அது மாகாணக் காசு. வருத்தம் துன்பத்துக்கு அவைக்கு மத்திய அரசின்ர தற்காலிக மருத்துவக் காப்பு இருக்கு. ஆனா எல்லா டொக்டரும் அதை எடுக்கமாட்டினம், போக முன்னம் போன் அடிச்சுக் கேளுங்கோ.

போன கிழமை ஒரு தாய்க்கு மொழிபெயர்க்கப் போனனான். பஸ் பிந்தி, நான் போய்ச் சேர முதலே டீச்சர் பாதி கதைச்சு முடிச்சிட்டா. தாய் சிரிச்சுச் சிரிச்சுத் தலையாட்டிக்கொண்டு இருந்தவ. வெளிய வந்து என்ர கையைப் பிடிச்சு, "பிள்ளை பாஸா, பெயிலா அக்கா?" எண்டு கேக்கிறா.

கோவைப் பையன்:
அண்ணா, நான் ஸ்டூடண்ட் விசால வந்தவன். மத்திய அரசு காசுல நடக்கிற உதவியில எங்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடையாது. ஆனா எந்த உதவி எங்க கிடைக்கும்னு சொல்ற 211 நம்பருக்கு யார் வேணா அடிக்கலாம்.

ஜனவரியில ரூம்ல ஹீட்டர் நின்னுபோச்சு. வீட்டு ஓனர், "ஸ்வெட்டர் போட்டுக்கோ தம்பி"ன்னார். 211க்கு அடிச்சு தமிழ்னு சொன்னேன், மொழிபெயர்க்க ஒருத்தரை லைன்ல சேர்த்துவிட்டாங்க. வீட்டுச் சூடு மாநகராட்சி சமாச்சாரம், 311க்கு அடிங்க, குளிர்காலத்துல வாடகை வீட்ல 21 டிகிரிக்குக் குறையக் கூடாதுன்னாங்க.

நான் 311க்கு அடிக்கவே இல்ல. டாலர் கடையில ஒரு குட்டி தெர்மாமீட்டர் வாங்கினேன். 14 காட்டுச்சு. அதைப் போட்டோ எடுத்து, கீழ "21"ன்னு மட்டும் எழுதி ஓனருக்கு அனுப்பினேன். சாயங்காலமே ஆள் வந்துட்டார்.

மதுரைக்காரன்:
தெர்மாமீட்டர் யோசனை பிரமாதம் தம்பி. அக்கா, கடைசியில் அந்தப் பிள்ளை பாஸா, பெயிலா?

மல்வேர்ன் அக்கா:
சின்ன வகுப்பில இஞ்ச ஆரும் பெயில் விடுறேல்லைத் தம்பி. அதைத் தாய்க்கு விளங்கப்படுத்தத்தான் அரை மணித்தியாலம் போச்சு. கடைசி வரைக்கும் அவ நம்பேல்லை.