குட்டி யானையில (டாடா ஏஸ்) எவ்வளவு எடை ஏத்தலாம்? ஞாயிறு வீடு மாத்தறோம், அவசரம்

நாகலூர் வாசி (வியாழன், இரவு 9:40)
ஞாயித்துக்கிழமை வீடு மாத்தறோம். குட்டி யானை ஒண்ணு பேசியாச்சு. வீட்டுச் சாமான்தான், பெருசா ஒண்ணும் இல்ல. வண்டிக்காரர் "ஒன்றரை டன் அடிப்பேன், கவலையே படாதீங்க"ங்கறார். அப்பாவுக்குத்தான் மனசு ஒப்பல. ஒரே நடையில முடிஞ்சிருமா? நானும் தம்பியும் பின்னாடி சாமான் மேல உக்காந்துக்குவோம். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

அஞ்சு ரோடு (9:52)
எங்கிருந்து எங்கங்க? என்னென்ன சாமான்? இது தெரியாம என்னத்தச் சொல்றது.

ஸ்பேனர் (9:58)
வண்டி எந்த வருஷம், பெட்ரோலா டீசலா? எல்லாத்தையும் விட முக்கியம் பின் பட்டை, அதான் பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டை. கூடுதலா ரெண்டு பட்டை போட்டிருந்தா ஒன்றரை டன் தாராளமா நிக்கும். எங்க பட்டறைக்கு வர்ற வண்டியில பாதி அப்படித்தான் ஓடுது. லோடு ஏத்தினதும் பின்னாடி நின்னு பாருங்க. பட்டை நேராகிற வரைக்கும் பயமில்ல.

ஆர்சி புக் (10:15)
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது, கூடவே இதே பட்டைக் கதையும் வருகிறது. தம்பி, எடை வரம்பு வண்டிக்காரர் வாயில் இல்லை, ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில் இருக்கிறது. லேடன் வெயிட் (சரக்கோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை வரம்பு) என்று ஒன்று, அன்லேடன் வெயிட் (வெறும் வண்டியின் எடை) என்று ஒன்று. முன்னதில் பின்னதைக் கழித்தால் மிச்சம் வருவதுதான் ஏற்றக்கூடியது. அன்லேடனில் ஓட்டுநர் எடை சேராது. ஆகவே ஓட்டுநரையும் கூட வருபவரையும் அந்த மிச்சத்திலிருந்தே கழிக்க வேண்டும். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், இங்கே வந்து கேட்கவே வேண்டியதில்லை.

ஸ்பேனருக்கு: பட்டை கூட்டினால் வண்டி தொங்காது, அவ்வளவுதான். பிரேக், டயர், ஆக்சில், கிளட்ச் எல்லாம் கம்பெனி போட்டபடியே இருக்கின்றன. வண்டி அமுங்கித் தெரிந்தாலாவது ஜனங்கள் பயந்து இறக்குவார்கள், அதையும் நீங்கள் மறைத்துவிடுகிறீர்கள்.

ஸ்பேனர் (10:19)
2018லயே அரசாங்கம் லோடு வரம்பைக் கூட்டிருச்சே, அது தெரியாதா சாருக்கு?

ஆர்சி புக் (10:24)
அது பெரிய லாரிகளின் ஆக்சில் எடைக்கு. ஏஸ் வண்டியின் ஆர்சியில் ஒரு கிலோகூட ஏறவில்லை.

மாம்பழ வீடு (10:27)
தெரியாமத்தானேங்க கேக்கறாங்க, கொஞ்சம் தணிவா சொல்லலாமே. தம்பி, ஒண்ணு மட்டும் கேளுங்க. பின்னாடி சாமான் மேல யாரும் உக்காராதீங்க. சரக்கு வண்டியில சரக்குக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் கேபின்ல வரலாம், அவருக்கு இன்சூரன்ஸ் உண்டு. பின்னாடி ஏறினா அதுவும் கிடையாது. திருப்பத்துல பீரோ சாஞ்சா தப்பிக்க எடமும் கிடையாது. நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துருங்க கண்ணு.

நாகலூர் வாசி (10:48)
மன்னிக்கணும், பேருலயே இருக்குன்னு விட்டுட்டேன். ஏற்காடு நாகலூர்ல இருந்து சேலம் கன்னங்குறிச்சிக்கு. ஆர்சி படம் அனுப்பச் சொல்லி வாங்கிட்டேன். லேடன் 1550, அன்லேடன் 850. சாமான்: பீரோ ரெண்டு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், தேக்குக் கட்டில், ஆட்டுக்கல், மெத்தை, பாத்திரம், துணிமணி. அப்பாவோட புத்தகம் கொஞ்சம்.

அஞ்சு ரோடு (10:51)
கொஞ்சம்னா எத்தனை பெட்டிங்க?

நாகலூர் வாசி (10:55)
41. அப்பா வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர்.

அஞ்சு ரோடு (10:57)
ஒரு பெட்டிய எடை போட்டுப் பாருங்க, இப்பவே.

நாகலூர் வாசி (11:10)
தம்பி பெட்டியைத் தூக்கிட்டு மெஷின்ல நின்னா 81. வெறுமனே நின்னா 62. அப்ப 19 கிலோ.

அஞ்சு ரோடு (11:22)
பாருங்க, 41 பெட்டி 19 கிலோ வீதம் 779. இரும்பு பீரோ ஒண்ணு 70ன்னு வெச்சா ரெண்டுக்கு 140. ஃப்ரிட்ஜ் 45, மெஷின் 35, கட்டில் 90, ஆட்டுக்கல் 60. பாத்திரம் துணி மெத்தை எல்லாம் சேர்த்து 150. ஆக மொத்தம் 1,300 கிலோ.
உங்க வண்டிக்கு 1550ல 850 போனா 700. டிரைவரும் கூட ஒரு ஆளும் 130 போனா மிச்சம் 570. புத்தகமே அதத் தாண்டிருச்சுங்க. ரெண்டு நடை அடிச்சாலும் நடைக்கு 650, அப்பவும் கூடுதல்தான்.

பழைய டிரைவர் (11:40)
மலையில இருந்து கீழ இறங்கற லோடுன்னு இப்பத்தான் தெரியுது. அப்படின்னா நான் சொல்றதக் கேளுங்க. இருபத்தஞ்சு வருஷம் இந்த ரோட்ல ஓட்டினவன்.

ஏறும்போது ஓவர்லோடுன்னா வண்டி திணறும், கிளட்ச் வாடை வரும், மிஞ்சினா நின்னு போகும். இறங்கும்போது அப்படி எதுவும் சொல்லாது. நல்லா சுகமாத்தான் ஓடும், பிரேக் விடற வரைக்கும். ஏற்காடு 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் கீழ. என் பையன் இஞ்சினியர், கணக்குப் போட்டுச் சொன்னான்: வண்டி, ஆளு, உங்க 1,300 கிலோ எல்லாம் சேர்த்து 2,280 கிலோ. அது 1,200 மீட்டர் இறங்கறதுல உண்டாகற சூட்டுல 90 லிட்டர் பச்சத் தண்ணியைக் கொதிக்க வெக்கலாமாம். கியர்ல இறங்கினா அதுல பெரும் பங்க எஞ்சின் வாங்கிக்கும். இல்லைன்னா மொத்தமும் பிரேக் தலையிலதான்.

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். நியூட்ரல் போடற டிரைவரா இருந்தா அங்கயே இறங்கிக்கங்க. டீசல் மிச்சம்னு எஞ்சினை அணைச்சு உருட்டறவங்களும் இருக்காங்க. அணைச்சா பிரேக் பூஸ்டர் செத்துரும், பெடல் கல்லாட்டம் ஆயிரும். கருகின வாடை வந்தா ஓரமா அகலமான எடத்துல நிறுத்தி ஆற விடணும், தண்ணி ஊத்தக் கூடாது.

புத்தகத்தை அடியில, கேபினை ஒட்டினாப்ல அடுக்குங்க. பீரோவை நிக்க வெக்காம படுக்கப் போட்டுக் கட்டுங்க. 20 கொண்டை ஊசி இருக்கு, உயரமா அடுக்கினா ஒவ்வொண்ணுலயும் வண்டி வெளிப்பக்கம் சாயும்.

ஸ்பேனர் (11:52)
குப்பனூர் வழியா இறங்கச் சொல்லுங்க. கூட்டம் கம்மி.

பழைய டிரைவர் (11:58)
லோடோட அந்த வழி வேண்டாம் தம்பி. சரிவு ஜாஸ்தி, வழியில வண்டி நின்னா உதவிக்கு ஆள் கிடைக்காது. அப்புறம் அயோத்தியாப்பட்டணம் சுத்தி வேற வரணும்.

ஸ்பேனர் (வெள்ளி, காலை 6:30)
நான் வாராவாரம் வர்றேன், ஒண்ணும் ஆகல. அடிவாரம் ரோட்ல ஞாயித்துக்கிழமை டூரிஸ்ட் கார் வரிசைல மாட்டி ஒவ்வொரு திருப்பத்துலயும் பிரேக்கை மிதிச்சுட்டே வர்றது மட்டும் நல்லதா?

பழைய டிரைவர் (6:48)
அது நியாயம்தான். அதுக்குத்தான் விடியக்காலையில கிளம்பணும்ங்கறேன். நீங்க வெறும் வண்டியில வர்றீங்க, அவங்க லோடோட வர்றாங்க. ரெண்டும் ஒண்ணில்ல.

ஸ்பேனர் (6:55)
வெறும் வண்டின்னு யார் சொன்னா? மிளகு மூட்டை ஏத்திட்டுத்தான் வர்றேன்.

ஆர்சி புக் (7:20)
எந்த வழி என்பது அப்புறம். மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவு: கூடுதல் எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மிகையான சரக்கை அங்கேயே இறக்குகிற செலவும் நம்முடையது. மழை தூறினால் அந்த 41 பெட்டியும் சாலையோரத்தில் நனையும். 1.7 டன் பிக்கப் எடுங்கள். அதற்கும் ஆர்சி பார்த்துக் கழித்துவிட்டு எடுங்கள். அந்த வாத்தியாரின் சந்தேகம்தான் சரி, அவரிடம் சொல்லுங்கள்.

மாம்பழ வீடு (7:31)
ஃப்ரிட்ஜை நிக்க வெச்சே கொண்டு வாங்க தம்பி. வந்ததும் உடனே போடாம சில மணி நேரம் விடுங்க.

பழைய டிரைவர் (7:36)
பீரோவைப் படுக்கப் போடுங்க, ஃப்ரிட்ஜை நிக்க வெச்சு கேபினோட சேர்த்துக் கயிறு போடுங்க. ரெண்டையும் மாத்திராதீங்க.

நாகலூர் வாசி (ஞாயிறு, இரவு 10:05)
வந்து சேந்துட்டோம். குட்டி யானைய வேண்டாம்னு சொல்லி அட்வான்ஸ் 500 போச்சு. பிக்கப் ஆர்சில கழிச்சுப் பாத்துத்தான் எடுத்தோம். காலைல அஞ்சரைக்குக் கிளம்பி அடிவாரம் ரோடு, ரெண்டாவது கியர். அப்பா கேபின்ல வந்தார், நாங்க பஸ்ல. 41 பெட்டியும் நனையாம வந்துருச்சு, அப்பா இப்பவே பிரிக்க ஆரம்பிச்சுட்டார். எல்லாருக்கும் நன்றிங்க.

குரங்குச்சாவடி (திங்கள், காலை 8:14)
பிக்கப் வாடகை எவ்வளவு ஆச்சுங்க? ஏத்துக்கூலி தனியா? எனக்கும் அடுத்த வாரம் ஒண்டிக்கடையில இருந்து கீழ வரணும்.

ஆர்சி புக் (8:40)
என்ன சாமான்?